ஒரு ஷேர் வைத்திருந்தால் ஓட்டு உண்டு... ஒரு படகு வைத்திருந்தால்?

ஒரு கம்பெனியில் ஒரே ஒரு ஷேர் வைத்திருப்பவர் பெரிய ஆளா? ஆமாம் என்கிறது சட்டம். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, பொதுக்கூட்டத்துக்கு 21 நாள் முன்பே அவருக்கு நோட்டீஸ் போக வேண்டும். அவரால் வர முடியாவிட்டால் தன் சார்பில் ஓர் ஆளை அனுப்பலாம். ஐயாயிரம் பேருக்கு மேல் உறுப்பினர்கள் உள்ள பப்ளிக் கம்பெனி என்றால், குறைந்தது 30 பேர் நேரில் வராவிட்டால் கூட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டும். சிறப்புத் தீர்மானம் என்றால், எதிர் ஓட்டுகளைப் போல மூன்று மடங்காவது ஆதரவு ஓட்டு விழ வேண்டும். பி.காம். பிள்ளைகள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற சங்கதிதான் இது.

இப்போது காட்டுப்பள்ளிக்கு வாருங்கள். எண்ணூருக்கு வடக்கே, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகம். எல் அண்ட் டி கட்டிய துறைமுகம் 2018-ல் அதானி கைக்கு மாறியது. அதை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்க ஒரு திட்டம் போடப்பட்டது. மதிப்பு 53,031 கோடி ரூபாய். கேட்ட இடத்தில் சுமார் 2,000 ஏக்கர் நிலமே இல்லை, கடல்! அங்கே மண் கொட்டி நிலமாக்க வேண்டும்.

இதில் ஊர்க்காரருக்கு என்ன பங்கு? 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம். நோட்டீஸ் 30 நாள். அதுவரை சரி. ஆனால் குறைந்தபட்சம் இத்தனை பேர் வரவேண்டும் என்ற கட்டாயமே கிடையாது என்று அந்த அறிவிக்கை எழுதி வைத்திருக்கிறது. ஓட்டெடுப்பும் கிடையாது. பேசலாம், அழலாம், கத்தலாம். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு டெல்லிக்கு அனுப்புவார்கள். முடிவு அங்கே. காட்டுப்பள்ளிக்கு அந்தக் கூட்டம் 2021 ஜனவரி 22 என்றார்கள், தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பர் 5 என்றார்கள், மறுபடியும் தள்ளிவைத்தார்கள்.

சரி, உள்ளாட்சி என்று ஒன்று இருக்கிறதே? கேளுங்கள் அந்தக் கூத்தை. 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பரில் தேர்தல் நடக்கும் வரை திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்தே இல்லை, தனி அலுவலர் ஆட்சி. துறைமுகம் கைமாறியது அந்த இடைவெளியில்தான். எண்ணூர் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தது. அங்கே 2022 பிப்ரவரி வரை கவுன்சிலரே கிடையாது. அதாவது 2021-ல் முதல் கூட்டத்துக்குத் தேதி குறித்தபோது, எண்ணூர்க்காரர் மனு கொடுக்கப் போக ஒரு கவுன்சிலர்கூட இல்லை.

துறைமுகம் மட்டுமா? குழாய்களும் வருகின்றன. 1962-ஆம் ஆண்டு பெட்ரோலியக் குழாய்வழிச் சட்டப்படி, நிலம் உங்களுடையதுதான், அடியில் குழாய் மட்டும் போகும். அதற்கு மேல் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. பயிர்ச் சேதத்துக்கு ஏதாவது தருவார்கள். பயன்பாட்டு உரிமைக்கு நில மதிப்பில் 10 சதவீதம்! அதாவது பட்டா வைத்திருப்பவருக்கு. ஆற்றில் வலை வீசுகிறவரிடம் பட்டா ஏது? அவர் பிழைக்கும் இடத்துக்கு அரசு வைத்த பேர் புறம்போக்கு. அவருக்கு அந்தப் பத்தும் இல்லை. ஆனால் ஆபத்து மட்டும் முழுசாக உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில், ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியவர்கள் பங்குதாரர்கள் அல்லர்.

"இதெல்லாம் பெரிய தொழில்நுட்ப விஷயம், மீனவருக்கு என்ன தெரியும்?" என்பார்கள். ஷேர் வைத்திருப்பவருக்கு மட்டும் கப்பல் ஓட்டத் தெரியுமா? தன் காசு என்பதால் அவருக்கு ஓட்டு. காட்டுப்பள்ளியை அடுத்த பழவேற்காட்டில் 'பாடு' என்றொரு முறை இருக்கிறது. எந்த நீர்ப்பரப்பில் யார், எந்த நாளில் வலை விரிப்பது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நிலப் பயன்பாட்டுத் திட்டம் என்று அதிகாரிகள் சொல்வதை இவர்கள் தண்ணீரில் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறார்கள்.

"நாலு கிராமத்துக்காக நாட்டு வளர்ச்சி நிற்பதா?" என்பது அடுத்த கேள்வி. ஒடிசாவின் நியமகிரி மலையில் வேதாந்தாவின் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று கிராமசபைகளையே கேட்கச் சொன்னது உச்ச நீதிமன்றம், 2013-ல். 12 கிராமசபைகளும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. நாடு ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லையே! அங்கே கைகொடுத்தது 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். காட்டில் வாழ்கிறவருக்கு அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. கடலில் வாழ்கிறவருக்கு இல்லை.

கேட்க வேண்டியது அதைத்தான். துறைமுகமோ, குழாயோ, மின்கோபுரமோ, எது வந்தாலும் அந்த ஊர்க் கிராமசபையோ வார்டு மக்களோ ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்ட பிறகுதான் அனுமதி என்று சட்டம் வரவேண்டும். ஒரு ஷேருக்குக் கொடுக்கிற மரியாதையை ஒரு படகுக்கும் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. ஷேரைப் பிடிக்காவிட்டால் நாளைக்கே விற்றுவிட்டுப் போகலாம். கழிமுகத்தை யாரிடம் விற்றுவிட்டு எங்கே போவது?