குண்டுக்கு நடுவே குடித்தனம்

போர் என்றதும் பீரங்கிதான் நினைவுக்கு வரும். வராத குழாய்த் தண்ணீர் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. போஸ்னியத் தலைநகர் சரயேவோவின் இல்லத்தரசிகளைக் கேட்டால் குழாயைத்தான் முதலில் சொல்வார்கள்.

1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை அந்த நகரம் முற்றுகையில் கிடந்தது. சுற்றிலும் மலை, மலைமேல் போஸ்னிய செர்பியப் படைகளின் பீரங்கிகள். தண்ணீர், மின்சாரம், எரிவாயு மூன்றும் வந்த நாட்களைவிட வராத நாட்களே அதிகம். பீர் ஆலையின் ஊற்றில் தண்ணீர் பிடிக்க வரிசை நின்றது. கேன்களைச் சுமக்கக் குழந்தைகளின் தள்ளுவண்டிகள் உதவின. 1993 ஜனவரியில் அந்த வரிசையின் மீதே குண்டு விழுந்து பலர் இறந்தார்கள். அதன் பிறகும் வரிசை நின்றது. வீட்டில் தண்ணீர் வேண்டுமே!

முகம் கழுவிய நீர் துணிக்கு. துணி அலசிய நீர் கழிப்பறைக்கு. பூங்கா மரங்கள் அடுப்புக்குப் போயின. பின்னாலேயே நாற்காலி, பழைய செருப்பு, புத்தகம். தண்ணீர்மேல் மிதக்கும் துளி எண்ணெயும் ஒரு திரியும்தான் விளக்கு. நிவாரணப் பால் பவுடரில் பாலாடைக்கட்டி செய்து பார்த்தார்கள்.

நிவாரணமாக வந்த டின் மாட்டிறைச்சியைத் திட்டாதவர் இல்லை. 2007இல் அந்த டின்னுக்குக் கேலியாக ஒரு நினைவுச்சின்னமே வைத்துவிட்டார்கள். குண்டைத் திட்டி என்ன பயன்? டின்னைத் திட்டலாம். உயிருக்கே உத்தரவாதம் இல்லாத ஊரிலும், சாப்பாடு வாயில் வைக்க வழங்கவில்லை என்று சலித்துக்கொள்ள முடிந்தவரை அது வீடாகவே இருந்தது.