மண்ணுக்கும் பிணை வேண்டும்

ஒரு விரற்பருமன் மேல்மண் விளையப் பல நூற்றாண்டுகள் வேண்டும். அஃது அழிய ஒரு மழையிரவு போதும். கட்டடம் எழுப்புவோர் நிலத்தின் பசும்போர்வையை உரித்துப்போட்ட இடங்களில் இவ்வழிவு அளவிறந்து நிகழ்கின்றது. காட்டு நிலத்தினும் 1,000 முதல் 2,000 மடங்கு மண் கட்டுமானக் களங்களினின்று வழிந்தோடுகின்றது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழற் காப்பு நிறுவனத்தின் கணிப்பு. வெட்டியவன் வீட்டை விற்றுப் பணத்தை எண்ணுகின்றான். கீழ்நிலத்து உழவனோ தூர்ந்த வாய்க்காலை எண்ணி நைகின்றான். இஃது எவ்வகை அறம்?

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 1970-ஆம் ஆண்டிலேயே வண்டல் தடுப்புச் சட்டம் இயற்றியது. ஆயினும், ஏட்டுச் சட்டம் மண்ணைப் பிடித்து நிறுத்தாது. ஆகலின், அந்நாட்டு மாவட்ட, நகர ஆட்சிகள் பல, மண்வெட்ட இசைவு தருமுன்னரே பிணைமுறி கேட்கின்றன.

பிணை என்பது தமிழர்க்குப் புதுச்சொல் அன்று. ஒருவன் வாக்குக்கு மற்றொருவன் தன் பொருளை ஈடாக்கி நிற்பதே பிணை. இம்முறியில் மூவர் உளர்: கட்டுவோன், இசைவு தரும் ஆட்சி, பிணை நிற்கும் நிறுவனம். வண்டல் தடுப்புத் திரை நடுதல், தேக்கக் குட்டை தோண்டுதல், வெற்றுமண்ணில் வைக்கோல் பரப்பிப் புல் விதைத்தல் ஆகியவற்றைக் கட்டுவோன் செய்யாது விடின், பிணை நிறுவனம் முறியில் குறித்த தொகைவரை பொறுப்பேற்கும். ஆட்சி அதனைக்கொண்டு அப்பணிகளை முடிக்கும். பின்னர், நிறுவனம் அத்தொகையைக் கட்டுவோனிடமே ஈட்டிக்கொள்ளும். எனவே இது காப்பீடு போன்றதன்று. தவறியவன் தப்புவதற்கு இதில் வழியில்லை. தண்டத்தொகை கருவூலம் சேரும். பிணைத்தொகையோ மண்ணைச் சேரும்.

பிணையை எப்பொழுது விடுவிப்பது என்பதற்கும் அங்கே சான்றுண்டு. 1977-ஆம் ஆண்டின் மேற்பரப்புச் சுரங்கச் சட்டம், இறுதி விதைப்பிற்குப் பின் ஐந்தாண்டும், மழை குறைந்த பகுதிகளில் பத்தாண்டும் சுரங்கத்தார் பொறுப்பு நீடிக்கும் என்கின்றது. புல் வேரூன்றியதை நிலமே காட்டவேண்டும். அலுவலர் கையொப்பம் மட்டும் போதாது.

இனி, நம் நிலத்தை நோக்குக. 2009 நவம்பரில் நீலமலைச் சரிவுகள் பெயர்ந்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெருமழையே முதற்காரணம் எனினும், தாங்குசுவரும் வடிகாலுமின்றி வெட்டப்பட்ட சரிவுகளும் அதற்குத் துணைநின்றன. இந்தியாவில் 2022 ஏப்பிரல் முதல் காப்பீட்டு நிறுவனங்களும் பிணைமுறி வழங்க நெறிமுறை வகுக்கப்பட்டுள்ளது. வேலை முடியாதொழியின் பணி தந்தவர்க்கு இழப்பு நேராமற் காப்பது அதன் நோக்கம். அதே காப்பு மலைக்கும் ஆற்றுக்கும் ஏன் கூடாது?

எளியவன் கட்டும் சிறுவீட்டிற்கு இது சுமையாகாதா என வினவுவர். ஆகாதவாறு அமைக்கலாம். அமெரிக்க நடுவண் விதியும் ஓர் ஏக்கரும் அதற்கு மேலும் மண்ணைக் கிளறும் பணிகளுக்கே பொதுவாக இசைவு கேட்கின்றது. பரப்பும் சரிவும் நோக்கிப் பிணையை அளந்து, எளியோரை விலக்கி, பெருங்கட்டுமானத்தாரைப் பிணிக்கலாம்.

மலைச்சரிவில் முதல் மண்வெட்டி விழுமுன் பிணைமுறி ஆட்சியின் கையில் இருத்தல் வேண்டும். சரிந்தபின் வழங்கும் இழப்பீடு மாண்டாரை மீட்காது. ஆற்றில் கரைந்த மண்ணையும் மீட்காது. மண்ணைக் காப்பதாகச் சொல்வோர் அச்சொல்லுக்கு ஈடு வைக்கட்டும்!