எங்கள் பிள்ளைகளின் முதல் புத்தகத்துக்கு ஓர் ஆணை போடுங்கள்

மாண்புமிகு கல்வி அமைச்சர் அவர்களுக்கும், பேராக் மாநில அரசுக்கும், மாநிலப் பொது நூலகத்தை நிர்வகிப்போருக்கும், மித்ரா பொறுப்பாளர்களுக்கும்,



கோலகங்சாரில் ஒரு ரப்பர் மரத்துக்கு வேலி போட்டுப் பாதுகாத்து வருகிறோம். 1877இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ காலத்தில் நடப்பட்ட கன்றுகளில் எஞ்சி நிற்பது அது. நல்ல காரியம். அதற்குப் பின் இந்த நாடெங்கும் வந்த ரப்பர் மரங்களைச் சீவிப் பால் எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப் பேரர்களும் இன்று ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் பாலர் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் குடும்பத்தின் கதையைப் படத்தோடு சொல்லும் ஒரு தமிழ்ப் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று தேடினால், தேடுகிறவருக்குக் கால்தான் வலிக்கும். அதற்காகவே இந்த மடல்.

நான் பார்த்த பாலர் வகுப்பு அலமாரிகளில் பனிமனிதன் இருக்கிறான். ஆப்பிள் தோட்டம் இருக்கிறது. தமிழகத்திலிருந்து வந்த நல்ல புத்தகங்களும் அங்கங்கே இருக்கின்றன. சென்னையில் தூலிகா பதிப்பகம் 1996 முதல் தமிழ் உட்படப் பல மொழிகளில் அழகான படக்கதைகளைக் கொண்டுவருகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே படிக்கலாம். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அந்தப் பக்கங்களில் வரும் தெரு இந்தியத் தெரு. எங்கள் பிள்ளைக்குத் தெரிந்த உலகம் வேறு. தாமான் வீடு, வெள்ளிக்கிழமை பாசார் மாலாம், பள்ளிக்குப் போகும் வழியில் வாங்கும் நாசி லெமாக், அம்மா வேலைக்குப் போனதும் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி, புந்தோங்கில் வறுபடும் கச்சாங் பூத்தேயின் மணம், கல்லுமலைக்குப் போகும் தைப்பூச ரதம். இவற்றில் ஒன்றைப் படத்தில் பார்த்தால் நான்கு வயதுப் பிள்ளை விரலை வைத்து "இது நம்ம வீட்டுப் பக்கம்" என்று கத்தும். வாசிப்பு அங்கேதான் தொடங்குகிறது. வாசிப்புப் பதிவேட்டில் எத்தனை புத்தகம் என்று எண்ணுவதெல்லாம் அதற்கப்புறம்.

தோட்டத்துப் பாட்டியின் ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் எழுந்து, ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டும். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட வேண்டும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் ஒவ்வொரு மரமாகச் சீவ வேண்டும். ஏன் இருட்டில்? வெயில் ஏறினால் பால் வழிவது குறைந்துவிடும். பட்டையில் சாய்வாக விழும் கோட்டில் பால் மெல்ல இறங்கி மங்கில் சொட்டும். உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் மரத்துக்குக் காயம். அப்புறம் அத்தனை மங்கையும் வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து, ஸ்டோரில் நிறுக்கக் கொடுக்க வேண்டும். ஒரு படப்புத்தகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? இருட்டு, விளக்கு, வெள்ளையாக வழியும் பால், தூளியில் தூங்கும் தம்பி. கேள்வி கேட்கும் பிள்ளைக்குப் பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கிடைக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகி, பிறகு பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பால் வெட்டியவர்களுக்கு வயது எழுபது, எண்பது ஆகிவிட்டது. அவர்களிடம் கேட்டு எழுதவும் அவர்கள் பார்த்துத் திருத்தி வரையவும் இன்னும் கொஞ்ச காலமே இருக்கிறது.

இப்படி ஒரு புத்தகம் எவ்வளவு தூரம் போகும் என்று பேராக் மாநிலத்துக்கே நன்றாகத் தெரியும். 1951இல் கோப்பெங் அருகே பிறந்த கேலிச்சித்திரக்காரர் லாட், தன் கம்பத்துப் பிள்ளைப் பருவத்தை 1979இல் 'தி கம்போங் பாய்' என்று வரைந்தார். ஈயக் கப்பலும் ஆறும் குர்ஆன் வகுப்பும் அதில் இருக்கின்றன. அதன் பிறகு வந்த 'டவுன் பாய்' புத்தகத்தில் ஈப்போ இருக்கிறது. உலகம் அவற்றைப் படித்தது. மலாய்க் கம்பத்தை உள்ளேயிருந்து ஒருவர் வரைந்ததால்தான் அந்த உயிர் வந்தது. தோட்டத்தையும் உள்ளேயிருந்து வரைய ஆள் வேண்டும். வெளியிலிருந்து எழுதப்பட்டால் எவ்வளவு புண்படும் என்பதை 'இந்தர்லோக்' என்ற மலாய் நாவல் பாடநூலானபோது பார்த்தோம். 2011 இறுதியில் அது மீட்டுக்கொள்ளப்பட்டது. அதை எடுத்ததோடு வேலை முடிந்துவிட்டதாக எல்லோரும் இருந்துவிட்டோம். அந்த இடத்தில் நம் பிள்ளைகளுக்கு என்ன வைப்பது என்று யாரும் கேட்கவில்லை.

எழுத ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். இருக்கிறார்கள். தடை பணத்தில் இருக்கிறது. வண்ணப் படம், நல்ல தாள், பிள்ளைகள் இழுத்தாலும் கிழியாத கட்டு, ஓவியருக்கு உரிய ஊதியம் என்று எல்லாம் சேர்ந்தால், சில நூறு படிகள் மட்டும் அச்சிடும்போது ஒரு படியின் விலை ஏழைப் பெற்றோர் தொட முடியாத இடத்துக்குப் போய்விடும். வாங்க ஆள் உறுதி என்றால் பதிப்பாளர் துணிவார். தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறை 2023இல் வாசிப்பு இயக்கத்தைத் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சிறு சிறு படப்புத்தகங்களை அச்சிட்டு அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பியது. அரசு கேட்டதால் கதைகள் வந்தன. நம் தோட்டப் பள்ளிகளும் அப்படி வந்தவைதான். பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி நடத்த வேண்டும் என்று தோட்ட முதலாளிகளைத் தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்தியது. எந்த முதலாளியும் தானாக மனமிரங்கிக் கொடுத்ததல்ல.

பேராக்கில் மட்டும் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. நாட்டிலேயே இங்குதான் அதிகம். அவற்றின் நூலகங்களுக்கும் பாலர் வகுப்புகளுக்கும், மாநிலப் பொது நூலகத்தின் கிளைகளுக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சில தலைப்புகளை மொத்தமாக வாங்குவது அரசுக்குப் பெரிய செலவு அல்ல. இந்தியர் நலனுக்கென மித்ராவுக்கு ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் 10 கோடி ரிங்கிட்டில் இது மிகச் சிறு பங்கு. ஒவ்வொரு புத்தகத்தையும் டேவான் பகாசா டான் புஸ்தாகா மலாயிலும் கொண்டுவர வேண்டும். தோட்டத்துப் பாட்டியை அகமதும் மெய் லிங்கும் தெரிந்துகொள்ள வேண்டாமா? ஒற்றுமையைப் பற்றி மேடையில் நிறையப் பேசுகிறோம். அதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

தேர்வுக் குழுவில் பாலர் வகுப்பு ஆசிரியைகளுக்கு இடம் கொடுங்கள். பிள்ளை எந்தப் பக்கத்தில் நிற்கும், எந்தப் பக்கத்தைத் தள்ளும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் வரி ஒட்டிக் கொண்டுவந்தால் ஏற்காதீர்கள். கதையும் ஓவியமும் இங்கேயே பிறந்திருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக்குங்கள்.

அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் ஈப்போவில் ஒரு கூட்டத்துக்கு நாள் குறியுங்கள். எழுதுவோரும் வரைவோரும் வருவோம். தோட்டத்து முதியவர்களையும் அழைத்து வருவோம். வாங்கிக்கொள்கிறோம் என்ற எழுத்துப்பூர்வமான உறுதி மட்டும் உங்களிடமிருந்து வர வேண்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
ஈப்போ.