சுறா பார்க்கப் போறீங்களா? போடிமெட்டையும் கணக்குல சேருங்க

ஏலக்காய் விலை கொஞ்சம் நிமிர்ந்தாப் போதும், ஓபியில் வர்ற கேள்வியே மாறிடுது. "டாக்டர், ஸ்கூபா கத்துக்கலாம்னு இருக்கோம், சுறா பார்க்கணும். அந்தமான் போகவா, மாலத்தீவு போகவா?" கேட்பவர்களில் பாதிப் பேர் 45 தாண்டியவங்க, சுகர் மாத்திரை சாப்பிடுறவங்க. தனித்தனியா சொல்லி வாய் வலிச்சதால இந்த இழை. நீளமாத்தான் இருக்கும்.

எல்லாரும் முதல்ல கேட்பது "எங்கே சுறா நிறைய?" போடிக்காரர் முதல்ல கேட்க வேண்டியது, "கடைசி டைவுக்கும் போடிமெட்டுக்கும் நடுவுல எத்தனை மணி நேரம்?"

காரணம் சொல்றேன். 18 மீட்டர் ஆழத்தில் உங்க மேல இருக்கும் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல 2.8 மடங்கு. அந்த அழுத்தத்தில் நீங்க மூச்சிழுக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் கரையும். மேலே வந்ததும் உடனே போயிடாது, மணிக்கணக்கில் மெதுவா மூச்சு வழியா வெளியேறும். அது முடியறதுக்குள்ள காற்றழுத்தம் குறைவான இடத்துக்கு ஏறினா, கோலி சோடாவை உடைச்ச மாதிரி உள்ளே குமிழி கிளம்பும். மூட்டுவலி, தோலில் புள்ளி, மரத்துப் போறது, தலைசுற்றல். மோசமானா தண்டுவடம் பாதிச்சு கால் விளங்காமப் போகும். இதைத்தான் டிகம்ப்ரஷன் சிக்னஸ்னு சொல்றோம்.

"டைவுக்கு அப்புறம் உடனே ஃப்ளைட் ஏறாதே"ன்னு எல்லா டைவ் சென்டரிலும் சொல்லித் தர்றாங்க. டான் என்கிற டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் வழிகாட்டுதல்: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒரு நாளில் பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் 18 மணி நேரம், டிகம்ப்ரஷன் நிறுத்தம் தேவைப்பட்ட டைவ் என்றால் அதற்கும் மேலே. இந்தக் கணக்கு 2,000 அடி உயரத்திலிருந்தே ஆரம்பிக்குது. ஃப்ளைட்டா, ஜீப்பா என்று உடம்புக்குத் தெரியாது.

போடி டவுன் சுமார் 1,200 அடி. பிரச்சினை இல்லை. போடிமெட்டு சுமார் 4,500 அடி. 17 கொண்டை ஊசி வளைவு, ஒரு மணி நேரத்துக்குள்ள ஏறிடுறோம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைன்னு தோட்டம் வச்சிருக்கிறவங்களுக்கு வீடே மேலேதான்.

சென்னை, பெங்களூரு டைவர்கள் எழுதும் பட்டியலை வச்சு நாம திட்டம் போட்டா தப்பாகுறது இங்கேதான். (பெங்களூருவே 3,000 அடி. முருதேஸ்வரத்தில் நேத்ராணித் தீவைச் சுற்றி டைவ் அடிச்சுட்டு அதே ராத்திரி பஸ்ஸில் ஊர் திரும்பும் ஐடி பசங்களும் யோசிக்கணும்.) பாண்டிச்சேரியை எடுத்துக்கோங்க. சுலபமா காரில் போயிடலாம், அதிர்ஷ்டம் இருந்தா திமிங்கலச்சுறாகூட தட்டுப்படும். காலையில் ரெண்டு டைவ், மத்தியானம் சாப்பாடு, கிளம்பினா ராத்திரி போடி. வந்த கையோட "ஆள் வருது, காய் எடுக்கணும்"னு ராத்திரியே தோட்டத்துக்கு ஏறினா, இடையில் பத்து மணி நேரம்கூட ஆகியிருக்காது. அந்த ராத்திரி டவுனிலேயே படுங்க. ஏலக்காய் ஒரு நாள் பொறுக்கும்.

சரி, எங்கே போகலாம்? என் கருத்தைச் சொல்றேன், சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

அந்தமானைச் சுறாவுக்காகத் தேர்ந்தெடுக்காதீங்க. பவளப்பாறை அருமை, டைவ் கத்துக்க நல்ல இடம். ஆனா அங்கே சுறா மீன்பிடி பல வருஷமா நடக்குது. நேரில் பார்க்கும் வாய்ப்பு, போட்டோவைப் பார்த்து நாம நினைக்கிற அளவுக்கு இல்லை.

மாலத்தீவு 2010-லேயே தன் கடல் முழுக்க சுறா பிடிப்பதைத் தடை செஞ்ச நாடு. செத்த சுறாவைவிட உயிரோட இருக்கும் சுறா அதிகக் காசு தரும்னு கணக்குப் போட்டாங்க, அது பலிச்சது. தெற்கு ஆரி பவளத்தீவுப் பக்கம் திமிங்கலச்சுறா வருஷம் முழுக்க வரும், ஸ்நார்கெல் போட்டுக்கிட்டு மேலே மிதந்தே பார்க்கலாம். உடம்புக்கு 3 மீட்டர், வாலுக்கு 4 மீட்டர் தள்ளி நிற்கணும், தொடக்கூடாது. 50 வயசு, பிபி மாத்திரை, ஆனா ஆசை விடலைன்னு வர்றவங்களுக்கு நான் சொல்றது இதைத்தான். நைட்ரஜன் கணக்கே கிடையாது. ஸ்நார்கெலிலும் இதயம் உழைக்குது, அதனால டிரெட்மில் டெஸ்ட்டைத் தட்டிக்கழிக்காதீங்க.

அதே மாலத்தீவில் ஃபுவாமுலா இருக்கு, புலிச்சுறாவுக்குப் பேர் போனது. துறைமுகத்தில் கொட்டும் மீன் கழிவுக்குப் பழகி வந்த கூட்டம், இப்ப டைவர்களுக்காகவும் மீன் தலை வைக்கிறாங்க. பத்து டைவ்கூட முடிக்காதவர் அங்கே போய் நிற்பதை நான் ஆதரிக்க மாட்டேன். இரை காட்டி வரவழைக்கிறது சரியான்னு வேற விவாதம் இருக்கு. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம் 2001-லேயே தன் கடலில் டைவர்கள் சுறாவுக்கு இரை போடறதைத் தடை பண்ணிடுச்சு. எனக்கு அந்த முடிவு பிடிச்சிருக்கு.

45-க்குள்ள, ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய் எதுவும் இல்லைன்னா என் ஓட்டு லட்சத்தீவுக்கு. கட்மத், பங்காரம் பக்கம் தெளிந்த தண்ணி, வெள்ளைமுனைச் சுறாக்கள் பாறைக்கடியில் படுத்திருக்கும். அங்கே தொழில் பெரும்பாலும் தூண்டிலில் சூரை பிடிப்பது, அதனால பாறை மேல வலை விழுறது குறைவு. அனுமதி வாங்கணும், அலைச்சல்தான். ஆனா கொச்சிக்குக் கப்பலில் திரும்பினா 14 முதல் 18 மணி நேரம் கடல் மட்டத்திலேயே வர்றீங்க. அப்புறம் மூணாறு, போடிமெட்டு வழியா வீட்டுக்கு வரலாம். விமானத்தில் வர்றதா இருந்தா கடைசி நாள் டைவ் வேண்டாம்.

ஒரு குறை இருக்கு. தீவில் ஏதாவது ஆனா பிரஷர் சேம்பர் பக்கத்தில் கிடையாது. புக் பண்றதுக்கு முன்னாடி டைவ் சென்டரில் ரெண்டு கேள்வி கேளுங்க: படகில் நூறு சதவீத ஆக்சிஜன் இருக்கா? சேம்பருக்கு எப்படிக் கொண்டு போவீங்க? பதில் மழுப்பினா அந்த இடம் வேண்டாம், சுறா எத்தனை இருந்தாலும்.

"சுறா கடிச்சா?"ன்னு கேட்காம யாரும் போறதில்லை. பயம் புதுசில்லை. மன்னார் முத்துக்குளிப்பில், மந்திரத்தால் சுறா வாயைக் கட்டும் 'கடல்கட்டி' வராமல் இறங்க மாட்டோம்னு குளியாட்கள் நின்னதால, பிரிட்டிஷ் அரசே அவருக்குக் கூலி கொடுத்திருக்கு. இன்னிக்கு உலகம் முழுக்க வருஷத்துக்கு, நாம சீண்டாமலே சுறா கடிக்கும் சம்பவங்கள் 60, 70 அளவில்தான். சாவு பெரும்பாலும் ஒற்றை இலக்கம். இந்தியாவில் பாம்புக்கடியில் ஆண்டுக்குச் சராசரியா 58,000 பேர் சாகறாங்க. தோட்டத்தில் செருப்பு போடாம நடக்கிறவர் என்கிட்ட சுறாவைப் பற்றிக் கேட்கிறார்!

இன்னொண்ணு. சுறா பார்க்க லட்சம் செலவு பண்ணிட்டு வந்து, வீட்டில் பிள்ளை பெத்த மருமகளுக்குப் பால் சுறாப் புட்டு கிண்டுறோம். சுறாவில் பாதரசம் அதிகம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தவிர்க்க வேண்டிய மீன்களில் அமெரிக்க எஃப்டிஏ சுறாவைச் சேர்த்திருக்கு. பால் சுரக்க குழந்தை அடிக்கடி சப்பினாலே போதும். கூட நல்ல சாப்பாடு, தண்ணி. மீன்தான் வேணும்னா மத்தி கொடுங்க, விலையும் குறைவு.

டைவ் முடிச்சு 24 மணி நேரத்துக்குள்ள மூட்டுவலி, மரமரப்பு, காரணமில்லாத அசதி வந்தா "அலைச்சல்"னு வலி மாத்திரை போட்டுட்டு மலை ஏறாதீங்க. கீழேயே இருந்து, ஆக்சிஜன் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்க. அங்கே முதல் வாக்கியமா "நான் டைவ் அடிச்சிட்டு வந்திருக்கேன்"னு சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா தேனி மாவட்டத்தில் எந்த டாக்டருக்கும் அது தோணாது.