பிரமிடு கட்டியவனை வானத்தில் தேடாதீர்கள்

போன வாரம் லாங் பஜாருக்கு மளிகை வாங்கப் போயிருந்தேன். கடைப் பையன் செல்போனை நீட்டினான். "பெரியவரே, பிரமிடை மனுஷங்க கட்டலையாம். வேற கிரகத்துல இருந்து வந்தவங்களாம். நம்ம கோட்டைக் கோயில் மண்டபமும் அப்படித்தான் இருக்கும்."

பக்கத்தில் நின்ற என் வயதுக்காரர்கள் இருவர் தலையாட்டினார்கள். எனக்குப் பையன் மேல் கோபமில்லை. தலையாட்டியவர்கள் மேல்தான்.

கிரகம் விட்டுக் கிரகம் வரத் தெரிந்தவனுக்குக் கட்டடக் கணக்கு தப்புமா? எகிப்தியருக்குத் தப்பியது. ஆரம்பத்தில் அவர்கள் அரசர் சமாதியின் மேல் மண் செங்கல்லால் மேடைதான் கட்டினார்கள். கி.மு. 2650 வாக்கில், சக்காராவில் ஜோசர் மன்னனுக்காக ஆறு அடுக்காகக் கல்லில் எழுப்பினார்கள். அந்த வளாகத்துத் தூண்களை நாணல் கட்டுப் போலச் செதுக்கியிருக்கிறார்கள். நாணலில் பழகிய கை, கல்லுக்கு வந்தும் பழக்கத்தை விடவில்லை. பிறகு தாஷூரில் ஸ்னெஃப்ரு மன்னனின் பிரமிடு. சுமார் 54 டிகிரி சாய்வில் ஏற்றியவர்கள், பாதியில் 43 டிகிரிக்குக் குறைத்தார்கள். கூன் விழுந்தாற்போல அது இன்றும் நிற்கிறது. அவர் மகன் கூஃபுவுக்குத்தான் கிசாவின் பெரிய பிரமிடு.

அதற்குச் சாட்சி வேண்டுமா? 2013-இல் செங்கடல் கரையில் வாடி அல் ஜர்ஃப் என்ற இடத்தில் பாப்பிரஸ் ஏடுகள் கிடைத்தன. மெரர் என்ற மேஸ்திரி, துராவில் வெட்டிய சுண்ணாம்புக்கல்லைப் படகில் கிசாவுக்குக் கொண்டுபோனதை நாள்வாரியாகக் குறித்து வைத்திருக்கிறார். நம் ஊர் லாரிக்காரரின் டிரிப் ஷீட் மாதிரி!

முப்பத்து நான்கு வருஷம் தோல் கம்பெனியில் வேலை பார்த்தவன் நான். கத்தி படாமல் சதை சீவக் கற்பதற்குள் ஒருவர் எத்தனை தோலைப் பாழாக்குவார் என்று எனக்குத் தெரியும். கெடுத்துக் கெடுத்துத்தான் கை படியும். கடைசியில் வழுவழுப்பான ஷூவைப் பார்க்கிறவர்கள் "ஃபாரின் மெஷின் போலிருக்கு" என்பார்கள். அந்த வலியும் பிரமிடு கட்டியவனுக்குச் செய்யும் அவமானமும் ஒன்றுதான்.

மாமல்லபுரத்தில் பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் முடியாமலே நிற்கின்றன. உளி பட்ட தடம் அப்படியே தெரிகிறது. பூதம் செய்திருந்தால் பாதியில் விட்டுப் போகுமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐரோப்பாவின் பெரிய மாதா கோயில்களை வேற்றுக் கிரகத்தார் கட்டியதாக யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எகிப்தியனுக்கும் நம்மவனுக்கும் மட்டும் அந்தச் சந்தேகம் ஏன் வருகிறது? அதற்கு நாமே தலையாட்டலாமா?

அடுத்த முறை ஜலகண்டேஸ்வரரைப் பார்க்கப் போனால், பேரப்பிள்ளைகளைக் கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப் போங்கள். யாளித் தூண்களைக் காட்டி, "இது மனுஷன் கை வேலை" என்று சொல்லுங்கள். அந்தக் கடைப் பையனையும் ஒருநாள் கூட்டிப் போவதாக இருக்கிறேன்.