பாட்டியின் களித்துடுப்பு

வரதய்யபாளையத்திலும் சுற்றுப்புறங்களிலும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் தெலுங்கில் படிக்கிறார்கள். பிழைக்கும் ஊரின் மொழியைக் கற்பதில் குறையொன்றும் இல்லை. ஆனால் வீட்டில் மிஞ்சியிருக்கும் தமிழைத் தேடினால், அது பெரும்பாலும் அடுப்படியில்தான் இருக்கிறது. அதுவும் வயதான பெண்களின் கையில்.

1960 ஏப்ரல் 1ஆம் தேதி எல்லை மாறியபோது திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேடு வட்டாரம் இந்தப் பக்கம் வந்தது. 2022ல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இத்தனை கோடுகள் போட்டும் பானையில் வெந்தது மாறவில்லை. நமக்குக் களி, அடுத்த வீட்டாருக்குச் சங்கட்டி. நமக்குப் புளிச்சக்கீரை, அவர்களுக்குக் கோங்கூரா. ருசி ஒன்றுதான்.

என் பாட்டி முதலில் நொய்யைக் குழைய வேக வைப்பார். அதன்மேல் கேழ்வரகு மாவைக் குவித்து, துடுப்பின் காம்பால் நடுவே குழி செய்து, மூடி, தணலில் விடுவார். பிறகு பானையைக் காலால் அணைத்துக்கொண்டு கிண்டுவார். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். வேர்க்கடலைத் துவையலோ, கருவாட்டுக் குழம்போ கூட இருந்தால் தாத்தா இன்னொரு உருண்டை கேட்பார்.

பழையதெல்லாம் பொன் என்று சொல்ல நான் வரவில்லை. அன்று பல வீடுகளில் நெல்லுச்சோறு பண்டிகைக்குத்தான். திரிகை சுற்றியே பாட்டிமாரின் தோள் தேய்ந்தது. விறகுப் புகையில் கண் கலங்கியது. 1983ல் என்.டி.ராமராவ் ஆட்சிக்கு வந்து கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி கொடுத்தபோது ஏழை வீடுகள் மகிழ்ந்தது நியாயமே. ஆனால் வறுமையை விரட்டும்போது கேழ்வரகையும் சேர்த்து விரட்டிவிட்டோம். நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு; அரிசியில் அதில் சிறு பங்குதான் உண்டு. 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பிறகு, அதே மாவைப் பளபளக்கும் பொட்டலத்தில் விலை கொடுத்து வாங்குகிறோம்.

பொட்டலத்தில் மாவு கிடைக்கும், பக்குவம் கிடைக்குமா? பாட்டி காலமான பின் முதல் வருஷப் படையலுக்குக் களி கிண்ட முனைந்தோம். கட்டி தட்டிவிட்டது. என் தாயாருக்கும் கைவரவில்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அவ்வா வந்து துடுப்பை வாங்கிக் கிண்டிக் கொடுத்தார். பாட்டியின் படையலுக்கு நம் வீட்டுக் கை எதுவும் உதவவில்லையே என்று அன்று வெட்கப்பட்டேன். இருபது வருஷம் அந்தக் களியைத் தின்றவன், ஒருநாளும் கிண்டக் கேட்டதில்லை.

இன்று வீட்டுப் பெண்கள் ஸ்ரீசிட்டி ஆலைகளுக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். அவர்களை மறுபடியும் திரிகையடியில் உட்கார வைக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால், வரும் ஞாயிறன்று பேரனையும் பேத்தியையும் அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். துடுப்பைப் பேரன் கையிலும் கொடுங்கள். ‘ஒரு கைப்பிடி’ என்று அவர் சொல்வதை ஆழாக்கால் அளந்து எழுதச் சொல்லுங்கள். தமிழ் எழுத்துத் தெரியாத பிள்ளை தெலுங்கு எழுத்திலேயே எழுதட்டும், பரவாயில்லை. பாட்டி இருக்கும்போதே எழுதட்டும்.