கருவாட்டுச் சட்டிக்குப் பக்கத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு,

நனிசைவம் பற்றிய உங்கள் கட்டுரை, புலால் உண்பவர்களை இரக்கமற்றவர்கள் என்கிற தொனியில் இருந்தது. பால், நெய், தேன்கூடத் தொடாமல் ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். ஆனாலும் அந்தத் தொனியில் எனக்கு உடன்பாடில்லை.

என் அம்மா நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைக்கிற நாளில், எனக்கென்று சின்னச் சட்டியில் கத்தரிக்காய்க் குழம்பு கொதிக்கும். "கருவாடு போட்ட கரண்டிய இதுல விடலடா, பயப்படாம சாப்பிடு" என்பார். மோர் வேண்டாம் என்பதுதான் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. "மாட்டைக் கொன்னா மோர் எடுக்குறோம்?" பாலுக்காகப் பிரிக்கப்படும் கன்றைப் பற்றிச் சொல்வேன். முழுக்கக் கேட்டுவிட்டுத் தனக்கு மோர் ஊற்றிக்கொள்வார்.

நனிசைவத்தைக் குறிக்கும் 'வீகன்' என்ற சொல் 1944இல் இங்கிலாந்தில் பிறந்தது. இங்கேயோ சைவம், அசைவம் என்ற பேச்சு சாதியோடு பின்னிக் கிடக்கிறது. வாடகைக்கு வீடு தேடும்போது "சைவம்தானே?" என்பவர்கள் என் தட்டை மட்டுமா விசாரிக்கிறார்கள்? ஆமாம் என்றதும் முகம் மலரும். "ஊரிலிருந்து அம்மா வந்தால் மீன் சமைப்பார்" என்றதும் சாவி மேசைக்குள் போய்விடும். இரண்டு வீடுகள் அப்படித்தான் கைநழுவின. அவர்கள் பக்கம் நிற்க எனக்கு மனமில்லை.

கட்டுரையின் தொனிக்கே திரும்புகிறேன்: திருக்குறளில் புலால் மறுத்தல் 26ஆம் அதிகாரம்; இனியவை கூறல் 10ஆவதாகவே வந்துவிடுகிறது. (வரிசையில் உட்பொருள் உண்டா என்பது புலவர்கள் பாடு.)

நனிசைவத்தால் நானே பி12 மாத்திரை விழுங்கித்தான் காலம் தள்ளுகிறேன். கூலி வேலைக்குப் போகிறவரிடம் முட்டையை விடு என்று எந்த வாயால் சொல்வது?

அடுத்த இதழில் தேங்காய்ப்பால் பாயசத்தின் செய்முறை போடுங்கள். அம்மா கேட்கச் சொன்னார்.

— ஒரு வாசகர், தூத்துக்குடி